உப்பில்லாத இறைச்சி

அந்தப் பெட்டி பொங்கலுக்கு மறுநாள் வந்தது. எதற்கும் நாள் குறித்து வைப்பது என் பழக்கம். இந்த நாளை மட்டும் குறிப்பைப் பார்க்காமலே சொல்வேன். கொரோனாக் கெடுபிடிகள் ஓய்ந்தபின் வந்த மூன்றாவது குளிர்காலம் அது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அடுக்குமாடியில் அன்று ஒரு எலிவேற்றர்தான் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண் பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி உள்ளே ஏற்றினாள். கதவு மூடியதும் மணம் எழுந்தது. அடுத்த தரிப்பிலேயே மற்றவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேருடைய வீடு அந்த மாடியில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"மூக்கைப் பொத்துங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றாள்.

"எங்கட வீட்டில கருவாடு பொரிக்கேக்க நீங்கள் பொத்தினனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம், பொத்தினனான். ரெண்டு கையாலயும்."

அவளோடு நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். என் மனைவியின் ஆங்கிலம் அரைகுறை, அந்தப் பெண்ணின் தகப்பனுடையது அதைவிட அரைகுறை. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் ஒருவருக்கு ஒருவர் சொன்னது விளங்காமல் போனதில்லை. அதனால் இங்கே எல்லோரையும் எங்கள் பேச்சிலேயே பேச விடுகிறேன்.

அவள் இனுயிற் பழங்குடிப் பெண். கனடாவின் வடக்கு உச்சியில், மரமே முளைக்காத ஒரு தீவு அவளுடைய ஊர். இளம் வயதில் படிக்க வந்து, படிப்பை விட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். கார்த்திகை விளக்கீட்டை ஒட்டிய நாட்களில் அவளுடைய தகப்பன் வந்து சேர்ந்தார். தொண்டையில் கட்டி. அவருடைய ஊர் நோயாளரை வழக்கமாக வேறு நகரங்களுக்குத்தான் அனுப்புவார்களாம். மகள் இருக்கிறாள் என்பதால் இவரை ரொறன்ரோவுக்கு விட்டிருந்தார்கள். வேலைநாட்களில் ஒவ்வொரு நாளும் கதிர்ச் சிகிச்சை.

கதிர் அவருடைய வாயை வறள வைத்தது. சாப்பாடு இறங்கவில்லை. போத்தலில் அடைத்த சத்துப்பானத்தை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வைத்தியர் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: எடை இன்னும் இறங்கினால் சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும், வயிற்றுக்குக் குழாய் போடவேண்டிவரும். அவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"குழாய் போட்டால் நான் ஊருக்குத் திரும்பிப் போகமாட்டன். அப்பிடிப் போன ஒருத்தரையும் நான் காணேல்லை."

ஆகவே அந்த வீட்டில் ஒரே ஒரு காரியம்தான் நடந்தது. சிகிச்சை முடியும்வரை அவர் எதையாவது சாப்பிடவேண்டும். என் மனைவியும் அதில் இறங்கினாள். கஞ்சி கொண்டுபோனாள். கூழ் கொண்டுபோனாள். மரியாதைக்கு இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் அவள் பாரைக் கருவாட்டில் ஒரு துண்டை, சமைக்காமல், காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு போனாள். அவர் அதை மணந்தார். முகம் விரிந்தது.

"இதை எவ்வளவு காலம் நிலத்துக்குள்ள வைச்சனீங்கள்?"

"நிலத்துக்குள்ளயோ! வெயில்ல காய விடுறது."

"வெயில் அவ்வளவு கிடக்கோ உங்களிட்ட?" என்று கேட்டு, நாங்கள் தடுப்பதற்குள் ஒரு மூலையைக் கடித்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். "கடல் முழுக்க இதுக்குள்ள கிடக்கு" என்றார். தண்ணீர் குடித்தபின்தான் மகள் சொன்னாள்: அவர்களுடைய ஊர்ச் சாப்பாட்டில் உப்புச் சேர்ப்பதில்லை. உறைந்த இறைச்சியைச் சீவிச் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பு எதற்கு?

அதற்குப் பிறகுதான் அவள் ஊருக்குத் தொலைபேசி எடுத்து அந்தப் பெட்டியை வரவழைத்தாள்.

பெட்டி திறந்த அன்று எங்களையும் கூப்பிட்டாள். மேசை இருந்தது. ஆனால் ஒரு கார்ட்போர்ட் மட்டையை நிலத்தில் விரித்து அதைச் சுற்றி இருந்தோம். பிறைபோல வளைந்த ஒரு கத்தியை அவள் எடுத்தாள். ஊலு என்று பெயர், பெண்களின் கத்தி. வெள்ளி நிற மீனொன்று கல்லாக உறைந்து கிடந்தது. கரிபூ மானின் கொழுப்பு. திமிங்கிலத்தின் தோல், சதுரம் சதுரமாக. தகப்பன் தோல் துண்டொன்றை வாயில் வைத்துக் கரைய விட்டார். அது கரைகிற வரைக்கும் மகள் அடுத்த துண்டை வெட்டவில்லை. அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது. அவள் மூச்சு விட்டாள்.

பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. எலிவேற்றரில் ஆட்களை இறக்கியது அதுதான். தந்தமுள்ள பெரிய கடல்விலங்கான வால்ரஸின் இறைச்சி. கோடை முடியும்போது அதைத் தோலோடு சேர்த்துத் தைத்து, கடற்கரையில் கூழாங்கற்களுக்குள் புதைத்து, நடுக்குளிர்காலத்தில் தோண்டி எடுப்பார்களாம். இகுனாக் என்பார்கள். மகளுக்கு அது பிடிக்காது. இளம் வயதிலேயே தெற்கே வந்துவிட்டதால் நாக்குப் பழகவில்லை. எனவே முழுவதும் அவருக்கு. பாலாடைபோல் மெத்தென்று இருந்ததால் அதுதான் அவருக்கு நன்றாக இறங்கியது.

நான் நூலகத்தில் வடதுருவ வாழ்க்கை பற்றிக் கிடைத்த புத்தகங்களை எடுத்துவந்து வாசிக்கத் தொடங்கினேன். கடல்நாயைக் கொன்றதும் அதன் வாய்க்குள் நல்ல தண்ணீர் வார்ப்பார்கள் என்று ஒன்றில் இருந்தது. கேட்டேன். "ஓம், எங்கட அப்பர் செய்தவர், நானும் செய்யிறனான்" என்றார். "அது உப்புக் கடலுக்குள்ள இருக்கிறது. எப்பவும் தாகம். தண்ணி குடுத்தால் திரும்பவும் எங்களிட்ட வரும்."

அந்தப் பெட்டி வந்தபின் எடை இறங்குவது நின்றது. கிழமைக்கு ஒருமுறை எடை பார்த்துவிட்டு வரும்போது மகள் எங்கள் கதவில் தட்டிப் பெருவிரலை உயர்த்திக் காட்டுவாள். அவர் மட்டும் பல்கனியில் நின்று தூரத்து ஏரியைப் பார்ப்பார்.

"உது எப்ப உறையும்?"

"உது உறையிறேல்லை. ஓரத்தில கொஞ்சம், சில வருசத்தில" என்றேன்.

"அப்ப அங்கால எப்பிடிப் போறது?"

அவருடைய ஊரில் குளிர்காலத்தில் கடல்தான் தெரு. தை மாதத்தில் கறுப்பாக அசைகிற தண்ணீர் அவருக்குக் கெட்ட சகுனம் என்று மகள் பிறகு சொன்னாள். அதைப் பார்க்கவேண்டாம் என்றாலும் காலையில் எழும்பியதும் அங்கேதான் போவார்.

தைப்பூசத்துக்கு முந்திய கிழமை குளிர் விட்டது. இரவிலும் மழை. குளிர்காலத்தின் நடுவில் இப்படி ஒரு இளக்கம் இங்கே வருவதுண்டு. ஆனால் அந்தமுறை அது போகவில்லை. நாளுக்கு நாள் வெதுவெதுப்பு ஏறியது. அவளுடைய ஃபிரீசர் சிறியது. மீனையும் மான் கொழுப்பையும் அதற்குள் திணித்துவிட்டு, மணத்துக்காக இகுனாக் பொதியைப் பல்கனியில் ஒரு தட்டில் வைத்திருந்தாள். அது உருகியது. கீழ்வீட்டுப் பல்கனியில் சொட்டியது. கீழ்வீட்டார் முறைப்பாடு செய்தார்கள். மறுநாள் காலை கதவடியில் ஒரு அறிவித்தல் கிடந்தது: அந்தக் கிழமைக்குள் ஏதாவது ஒருநாள் வீட்டைப் பார்வையிட வருவார்கள்.

கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரை எங்களுக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் கருவாட்டு மணத்துக்காக அதே போன்ற தாள் எங்கள் கதவடியிலும் கிடந்தது. வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று என் மனைவி அன்று அழுதாள். அதன்பின் அவள் ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். கருவாட்டைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பைக்குள், அதை மற்றொன்றுக்குள் போட்டு, மூடி இறுகப் பூட்டுகிற பெயின்ற் வாளிக்குள் வைத்து, உடுப்பு வைக்கிற குளோசெற்றுக்குள் தள்ளிவிடுவாள். அதன்பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை. எங்கள் சனத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இந்த முறையை அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெண் பொதியோடு எங்கள் கதவில் நின்றாள்.

"கொஞ்ச நாளைக்கு உங்களிட்ட ஒளிச்சு வைக்க ஏலுமோ?"

"தாரும் பிள்ளை. ஒருத்தருக்கும் மணக்காது, நான் பொறுப்பு" என்றாள் மனைவி.

நான் சோபாவில் இருந்தபடி இதைக் கேட்டேன். ஃபிரீசருக்குள் போகிறது என்று நினைத்துக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தேன்.

சூப்பர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தைப்பூசம் கழிந்து குளிர் திரும்பி வந்தது, ஒரே இரவில், பழிவாங்குவதுபோல. பொதி பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போனது. அவள் அதைப் பல்கனியில் மறுபடி உறைய வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் மெல்லிசாகச் சீவிக் கொடுத்தாள். இடையில் மீன் முடிந்துபோயிருந்தது, அவருடைய எடையும் மறுபடி கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார் என்று சொல்ல அவள் வந்தாள். பெருவிரல் இரண்டையும் உயர்த்திக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி குளோசெற்றைத் துப்புரவாக்கினாள். வாளியைக் கழுவக் கொண்டுபோகும்போது தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்:

"கருவாடு ஒருநாளும் இப்பிடிச் செய்யிறேல்லை. இது பை பலூன் மாதிரி ஊதிப்போய்க் கிடந்தது. ரெண்டு தரம் காத்தை அமத்திப்போட்டுத் திரும்பக் கட்டினனான்."

புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

"நீர் அதை ஃபிரீசருக்குள்ள வைக்கேல்லையோ?"

"ஃபிரீசருக்குள்ள எங்க இடம்? ஆட்டிறைச்சியும் கணவாயும் அடைஞ்சு கிடக்கு. கருவாட்டு வாளிக்குள்ளதான்."

"குளோசெற்றுக்குள்ளயோ? அந்த ஹீற்றர் பைப் போற பக்கமோ?"

"ஓம். ஏன் உப்பிடிக் கேக்கிறியள்? அது ஏற்கெனவே ஊறிப் புளிச்சதுதானே. இனிப் பழுதாகிறதுக்கு என்ன கிடக்கு?"

இரண்டு கிழமைக்கு முன்தான் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தேன். கூழாங்கற்களுக்கு இடையில் காற்றுப் போய்வரும். நிலம் எப்போதும் குளிர்ந்திருக்கும். இறைச்சி மெல்ல ஊறும். அதே இறைச்சியைக் காற்றுப் புகாத பைக்குள் அடைத்து வெப்பத்தில் வைத்தால் அதற்குள் வேறொன்று வளரும். பொட்டுலிசம் என்பார்கள். அந்த நஞ்சுக்கென்று மணம் இல்லை, சுவை இல்லை; இறைச்சி மாறியிருப்பது மட்டும் பழகிய நாக்குக்குத் தெரியலாம். மறுபடி உறைய வைத்தாலும் அது அழியாது. நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு மூச்சுவரை வரும். கருவாட்டைக் காப்பது பை அல்ல, வாளி அல்ல, உப்பு. அந்த இறைச்சியில் உப்பே இல்லை.

அதை மனைவிக்கு முழுவதும் சொல்லி முடிக்கவில்லை. அவள் ஈர வாளியோடு வெளியே ஓடினாள். நான் பின்னால் போனேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தகப்பன் நாற்காலியில் இருந்தார். முன்னால் ஒரு கோப்பை, காலி.

"அது எங்க? அந்த இறைச்சி?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது" என்றாள் மகள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "கடைசித் துண்டை இப்பதான் சாப்பிட்டவர்."

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல மகளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் தகப்பனின் தோளுக்குப் போனது. அவர் தன் மொழியில் மகளிடம் நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். அவள் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. இமேர்ஜென்சிக்குப் போகிற ராக்சியில், சன்னலைப் பார்த்தபடிதான் சொன்னாள்:

"நேற்றே ஏதோ பிழையெண்டு வாய் சொன்னதாம். நான் சந்தோசமாப் பாத்துக்கொண்டு நிண்டதால விழுங்கினவராம்."

இமேர்ஜென்சியில் இளம் வைத்தியர் நல்லவர், முழுவதும் கேட்டார். பிறகு கேள்விகள். வாய் வறள்கிறதா? வறள்கிறது, கதிர் தொடங்கிய நாளிலிருந்து. விழுங்கக் கஷ்டமா? கஷ்டம், அதற்காகத்தான் இந்த நகரத்துக்கே வந்தார். குரல் மாறியிருக்கிறதா? மாறி எவ்வளவோ காலம். நஞ்சு காட்டக்கூடிய அடையாளங்களை எல்லாம் நோய் முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது கண் ஒன்றுதான். இமை சரிகிறதா, காட்சி இரட்டையாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். மாற்றுமருந்துக்குச் சொல்லி அனுப்பினார். அது அந்த ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை.

அவரை அங்கேயே மறித்தார்கள். மகள் கூட இருந்தாள். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். மனைவி சமைக்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "வாசிச்சதைச் சொல்லாதேங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை காலை தேநீர் எடுத்துக்கொண்டு போனோம். அவர் விழித்திருந்தார். மகள் கட்டிலுக்கு முன்னால் நின்றாள். அவளை ஒருமுறை பார்த்தார், தலையைச் சரித்துத் திரும்பவும் பார்த்தார்.

"ரெண்டு பேர் நிக்கிறியள்" என்றார். "எனக்கு ஒண்டே போதும்."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் நானும் கண்டேன். இடது இமை கறுப்பு விழியின் நடுவரை இறங்கியிருந்தது, யாரோ மெல்ல இழுத்துவிட்ட திரைச்சீலைபோல.

முதல்நாளே சொல்லியிருந்ததால் மருந்து வழியில் இருந்தது. மத்தியானத்துக்கு முன் ஏற்றினார்கள். ஆனால் அந்த மருந்து நஞ்சு எட்டிய இடத்தைத் திருப்பித் தராது, இனிப் போகவிடாமல் மறிக்கும், அவ்வளவுதான் என்றார்கள். கைகள் சோர்ந்தன. மாலைக்குள் மூச்சுக்கு இயந்திரம் பூட்டினார்கள். வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன குழாய்தான். வேண்டாம் என்று மறுபடி சொல்ல அப்போது அவருக்கு வாய் இல்லை. மகள்தான் தலையசைத்தாள்.

சிவராத்திரி வந்தபோதும் அவர் அப்படியே கிடந்தார். கண் மட்டும் திறந்து மூடும். ஒருநாள் தாதி தடியின் நுனியில் பஞ்சு வைத்த ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, உதட்டை ஈரப்படுத்தும்படி மனைவியிடம் நீட்டினாள். மனைவி இரண்டு அடி பின்னால் போனாள். எங்களில் கிடையில் இருப்பவருக்கு அப்படி வாயில் தண்ணீர் விடுவது எப்போது என்று தாதிக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. மகள் வாங்கி, உதட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெல்லத் தடவினாள். பிறகு ஒரு துளி, நாக்கில். எனக்கு அந்தக் கடல்நாய்கள் நினைவு வந்தன. அவளுக்கும் வந்திருக்கவேண்டும். அதற்குப்பின் அவள் பஞ்சைத் தொடவில்லை, தாதியையே செய்யச் சொன்னாள்.

அந்தக் கிழமைகளில் என் மனைவிக்கு அவள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று மனைவி நினைத்தாள். "ஒளிச்சு வைக்க ஏலுமோ எண்டு கேட்டது நான்தானே அன்ரி" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். வாளி குப்பைக்குப் போய்விட்டது. வீட்டில் கருவாடு வாங்குவதும் நின்றது.

அவர் பிழைத்தார். பங்குனியில் இயந்திரத்தைக் கழற்றினார்கள். நின்றுபோன கதிர்ச் சிகிச்சையைச் சித்திரையில் தொடர்ந்து முடித்தார்கள். குழாயைக் கழற்றியபோது அதைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். ஆனியில் விமானம் ஏறினார். புறப்படும்முன் எங்கள் வீட்டுக்கு வந்தார், மனைவியின் கையைப் பிடித்தார். இடது இமை முழுவதும் ஏறவில்லை. எப்போதும் ஏதோ சந்தேகத்தோடு பார்ப்பவர்போல இருந்தார். பல்கனிக்குப் போய் ஏரியைப் பார்க்கவில்லை.

அடுத்த பொங்கலும் வந்தது. மனைவி வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கோப்பையில் பொங்கல் எடுத்தாள். அதற்குள் அவளே கதவில் நின்றாள். கையில் தொலைபேசி. அப்போதுதான் ஊரோடு கதைத்து முடித்திருந்தாள்.

"அப்பா உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவர் அன்ரி."

"என்ன பிள்ளை? சுகமில்லையோ?"

"சுகமா இருக்கிறார். கோடை முடியேக்க எல்லாரும் சேர்ந்து வால்ரஸ் புதைச்சவையாம். நேற்றுத் தோண்டினவையாம். இந்தமுறை புதைச்சபிறகும் மழை பெய்துதாம், பனி வரச் செண்டதாம். கன நாளாக் கல்லுக்குள்ள கை வைச்சால் சில்லிடேல்லையாம்." அவள் தொலைபேசியை மறு கைக்கு மாற்றினாள். "தோல் ஊதிப்போய் இருந்ததாம். அப்பா ஒரு துண்டை வாயில வைச்சுப்போட்டுத் துப்பினவராம். உங்கட வீட்டில இருந்து வந்ததின்ர அதே ருசியாம். ஐஸில துளை போட்டு முழுக்கக் கடல்ல எறிஞ்சுபோட்டினமாம். உங்கட பிழை இல்லையெண்டு சொல்லச் சொன்னவர். அங்கையும் அப்பிடித்தான் வருகுதாம்."

அதை ஆறுதலாகத்தான் அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மனைவி பொங்கல் கோப்பையை அவள் கையில் கொடுத்தாள்.

"அப்ப அவர் இப்ப என்ன சாப்பிடுறார்?"

"கடையில கோழி வாங்கிறாராம்" என்றாள் மகள். "உப்புப் போட்டு."